கருகல் வடை

சுவரில் "தவறு செய்யத் தயங்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கும் அலுவலகத்துக்குள் நுழைந்தால் எனக்கு உடனே எரிச்சல் வந்துவிடுகிறது. இரண்டாயிரத்துக்குப் பிறகு பெங்களூரில் இப்படிப்பட்ட சுவர்கள் பெருகிவிட்டன. கலர் கலராய் நாற்காலி, மூலையில் ஒரு கேரம் போர்டு, காப்பி மெஷின், அதற்குப் பக்கத்தில் இந்த வாசகம். என் அண்ணன் மகள் வேலை செய்யும் இடத்தில் ஒருமுறை வீட்டாரையெல்லாம் அழைத்திருந்தார்கள். சுற்றிக்காட்டிய அதிகாரி அந்தச் சுவருக்கு முன்னால் நின்று பெருமையாகச் சிரித்தார். "கடைசியா இங்க தப்பு பண்ணவர் யாருங்க? அவர் இப்ப எங்க உக்காந்திருக்கார்?" என்று கேட்டேன். அண்ணன் மகள் என் முழங்கையைக் கிள்ளினாள். வீட்டுக்கு வந்ததும், "உன்னை எங்கயுமே கூட்டிட்டுப் போக முடியாது அத்தை" என்று மூச்சு விடாமல் திட்டினாள். திட்டட்டும். ஒரு கம்பெனியைப் பற்றி நான் தெரிந்துகொள்ள விரும்புவது அது ஒன்றைத்தான்.

டிப்ளமோ முடித்த கையோடு நான் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு ஸ்டெபிலைசர் கம்பெனியில் சேர்ந்தேன். தொண்ணூற்றொன்று. அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பிள்ளை ஃபேக்டரிக்குப் போவதா என்று ராஜாஜிநகர் வீட்டில் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஃபிரிட்ஜ் வாங்கிய எல்லோரும் கூடவே ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கியாக வேண்டும். மின்சாரம் ஏறி இறங்கும்போது சமன்படுத்தித் தரும் தகரப் பெட்டி அது. அந்தப் பெட்டிகளைப் பூட்டிச் சேர்க்கும் லைனுக்கு நான் சூப்பர்வைசர்.

முதலாளி கெட்ட கோபக்காரர். மூன்று தலைமுறையாய் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழில் ஆரம்பித்து கன்னடத்தில் வேகமெடுத்து உருதுவில் போய்த்தான் அவர் திட்டு முடியும். தாமதமாக வந்தால் திட்டு, ஸ்க்ரூவைக் கீழே போட்டால் திட்டு, சும்மா நின்றாலும் திட்டு. ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் திட்ட மாட்டார். புதிதாக எதையாவது செய்து பார்த்து அது எரிந்துபோனால்.

அதற்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாராவது சோதனைக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரோ போர்டோ எரிந்தால், அதற்குப் பெயர் கருகல். வார்னிஷ் கருகும் வாசனை ஷெட் முழுக்கப் பரவியதும், "யாருது?" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வரும். கருக்கியவர் எழுந்து, கேட்டுக்கு எதிரே இருந்த கடைக்குத் தானே போய் எல்லோருக்கும் மசால் வடை வாங்கி வர வேண்டும். கணக்கு முதலாளியுடையது. நடை மட்டும் கருக்கியவருடையது. வந்ததும் பெரிய மேசையின் நடுவில் கருகின பீஸைத் திறந்து வைப்போம். எல்லோரும் சுற்றி நின்று வடை தின்றுகொண்டே அதைக் குடைவோம். எப்படி எரிந்தது என்று கருக்கியவர் சொல்ல வேண்டும். வடை முடியும்வரை ஒருவரும் திட்டக் கூடாது. முடிந்த பிறகு தாராளமாகத் திட்டலாம். ஆனால் வடை முடிவதற்குள் பேச்சு எங்கெங்கேயோ போய், திட்ட வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் இருக்காது.

சேர்ந்த புதிதில் நானே ஒரு பீஸைக் கருக்கிவிட்டு அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். முதலாளி வந்து மோந்து பார்த்துவிட்டு, "அழுதுட்டு நின்னா வடை எப்ப வரும்?" என்றார். அன்றைக்கு அந்தப் பீஸைக் குடைந்தபோதுதான், மின்சாரம் போய்ச் சட்டென்று திரும்பி வந்தால் ஃபிரிட்ஜ் திணறுகிறது, கொஞ்சம் தாமதித்து ஓடவிட்டால் என்ன என்ற பேச்சு எழுந்தது. அந்தத் தாமதத்தைச் செய்து தரும் சின்ன போர்டு எங்கள் பெட்டிக்குள் வந்தது. அதை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. வைண்டிங் அக்கா ஒன்று சொன்னார், இன்னொருவர் மறுத்தார், முதலாளி வாயில் வடையோடு ஏதோ முனகினார். அப்படித்தான் வந்தது.

வைண்டிங் அக்கா என்பது கம்பி சுற்றும் பிரிவின் தலைவி. ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர். பட்டென்று பேசுவார், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார்.

வேலூர்க்காரர் வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. டிசைன் செய்பவர். என் வயதுதான். ஆனாலும் முதல் நாளே என்னை மேடம் என்றார், நானும் சார் என்றேன், கடைசிவரை அது மாறவில்லை. அந்தச் சமயத்தில் புதிதாக வந்த டிவிகள் ஸ்டெபிலைசர் இல்லாமலே ஓட ஆரம்பித்திருந்தன. எங்கள் பெட்டிக்குக் காலம் முடிகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. இன்வெர்ட்டர் செய்வோம் என்றவர் வேலூர்க்காரர்தான். ஊரெல்லாம் பவர் கட், வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வரப்போகிறது, பேட்டரியில் ஓடும் பெட்டிதான் இனி என்றார்.

முதலாளி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். "நீ செஞ்சு காட்டு. பின்னாடி ஷெட்டு சும்மாதான கெடக்குது, அதை எடுத்துக்க. உன் கடை மாதிரி நடத்து. ஆளு நீயே வெச்சுக்க, சரக்கு நீயே வாங்கு. நான் வந்தாக்கூட கதவத் தட்டிட்டுதான் வருவேன்."

வேலூர்க்காரரின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். அவர் அப்பாவுக்கு ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை இருந்ததாம். அது நொடித்துப்போய், இன்னொருவர் கடையில் வேலைக்குப் போனாராம். "சொந்தமா ஒரு கதவு மேடம், அது போதும்" என்றார் என்னிடம். அன்று சாயங்காலமே அந்தப் பின் ஷெட்டைத் தானே பெருக்கிக்கொண்டிருந்தார்.

முதலாளி கதவைத் தட்டவே இல்லை. அதற்குள் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். ஊரையே அதிர வைத்த அந்த வாய் கோணிப்போய்ச் சத்தமில்லாமல் கிடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. வெளிநாட்டில் படித்து வேலை பார்த்திருந்த மருமகன் வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

மருமகனை வில்லனாக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் நல்ல மனிதர். கழிப்பறைகளைச் சுத்தமாக்கினார். பெண்களுக்கு ஓய்வறை கட்டிக்கொடுத்தார். பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்றார், எங்களுக்குத்தான் வாய் வரவில்லை. குரலை உயர்த்தியதே கிடையாது. கத்தியிருந்தால் நாங்களும் பதிலுக்குக் கத்தியிருப்போம். ஒரு ஹோட்டலில் எங்களையெல்லாம் உட்காரவைத்துப் புதுமையைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசினார். பூட்டு போட்ட யோசனைப் பெட்டி ஒன்று வந்தது. நல்ல யோசனை சொன்னவர் போட்டோவை வாசலில் மாட்டினார்கள். மசால் வடை நின்றது. எண்ணெய்க் கையோடு சாமானைத் தொடக் கூடாது, அவ்வளவுதான் காரணம். அதில் தப்பு சொல்ல முடியுமா? முடியாது.

அப்புறம் ஒவ்வொரு பிரிவின் வாசலிலும் ஒரு வெள்ளைப் பலகை வந்தது. பீஸ் வீணானால் அந்தப் பிரிவின் பலகையில் சிவப்புப் பொட்டு விழும். மாதக் கூட்டத்தில் சிவப்பு விழுந்த பிரிவின் தலைவர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். "புதுசா நிறைய யோசிங்க. தப்பு மட்டும் வேண்டாம்" என்று மருமகன் புன்சிரிப்போடு சொல்வார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதில் அவருக்கு ஒரு முரணும் தெரியவில்லை. பின் ஷெட்டைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிட்டார். மாமனார் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவார். ஆனால் பலகையில் சிவப்பு ஏறிக்கொண்டே போனால் ஷெட்டை மூடத்தான் வேண்டியிருக்கும்.

வேலூர்க்காரர் அன்றிலிருந்து பேச்சைக் குறைத்தார். முன்பெல்லாம் பாதி வேலையில் எழுந்து என் லைனுக்கு வந்து, "மேடம், இத்த கொஞ்சம் பாருங்க, எனக்கே சிரிப்பா கீது" என்று எதையாவது காட்டுவார். அது நின்றது. பின் ஷெட்டின் கதவு சாத்தியே இருந்தது. அவர் ஆசைப்பட்ட கதவு.

இன்வெர்ட்டர் தயாரானது. சோதனைக்குச் சில பீஸ்கள் செய்து, அவரே சிலவற்றை ஓட்டிப் பார்த்தார். வைண்டிங் அக்காவிடம் ஒன்று, டெஸ்டிங் பிரிவில் இருந்த ஓசூர்க்காரரிடம் ஒன்று கொடுத்தார். நான் பழைய லைனில் இருந்ததால் எனக்கு அதில் வேலை இல்லை. சோதனை முடிந்ததும் பின் ஷெட்டின் பலகை பால்போல வெளுப்பாக இருந்தது. மருமகன் கைதட்டினார். வேலூர்க்காரரின் போட்டோ வாசலில் ஏறியது. பெட்டிகள் கடைகளுக்குப் போயின.

எங்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. வடை வரவில்லை என்றால் எதுவும் கருகவில்லை என்று அர்த்தம். வடையே நின்றுபோன பிறகும் புத்தி அப்படித்தான் ஓடியது. யாரும் எழுந்து நடக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை, ஆகவே எல்லாம் சரியாக இருக்கிறது என்று அந்த ஃபேக்டரியில் ஒவ்வொருவரும் நம்பினோம். இப்படி ஒரு மடத்தனம் வேறு எங்கேயும் நடந்திருக்காது.

ஒரு மத்தியானம் என் லைனில் இருந்த போன் அடித்தது. பிரேசர் டவுனில் எங்கள் பெட்டிகளை விற்கும் கடைக்காரர். காலையிலிருந்து அங்கே கரண்ட் இல்லை. வாடிக்கையாளர்களுக்கு விளக்கிச் சொல்ல வேலூர்க்காரர் போயிருந்தார். கரண்ட் இல்லாத நேரமெல்லாம் எங்கள் பெட்டி விளக்கையும் விசிறியையும் ஓட்டி எல்லோரையும் அசத்தியிருக்கிறது. கரண்ட் திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் பெட்டியிலிருந்து புகை. கடை முழுக்க அட்டைப் பெட்டியும் தெர்மோகோலும், உள்ளே ஜனங்கள். வேலூர்க்காரர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, எரிந்துகொண்டிருந்த பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கிறார். முன்பக்க பிளாஸ்டிக் உருகிக் கையில் ஒட்டிக்கொண்டது. கீழே போட நினைத்தாராம், கை விடவில்லையாம்.

"உங்க ஆளு கத்தக்கூட இல்லம்மா" என்றார் கடைக்காரர்.

மருமகன் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் ஏற்றார். பூங்கொத்தும் பழக்கூடையும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போனதும் அவர்தான். பிறகு எங்களை ஒவ்வொருவராகத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு விசாரித்தார். தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டால் யார் வாயைத் திறப்பார்கள்? கடையில் தப்பாகக் கையாண்டதால் விபத்து என்று முடிவானது. விற்றிருந்த பெட்டிகளைச் சத்தமில்லாமல் திரும்ப வாங்கி, பழைய இரும்புக்காரருக்குப் போட்டார்கள். கடையில் எரிந்த பெட்டியும் அதோடு போனது. ஒருவர்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வெள்ளைப் பலகைகளைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. லைனில் வேலை இருந்தது.

தோல் ஒட்டு வைத்து, அதில் பாதி பிடிக்காமல், மறுபடி வைத்து, வேலூர்க்காரர் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். விரல்கள் மடங்காது என்று டாக்டர் அவர் மனைவியிடம் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வைண்டிங் அக்காவும் ஓசூர்க்காரரும் பார்க்கப் போனோம். போகிற வழியில் அக்கா ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே இருந்த கடைக்குப் போகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையில் ஏன் என்று கேட்டேன். "கம்னு வா" என்றார். மசால் வடைப் பொட்டலத்தோடு ஆட்டோவில் ஏறினார்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் வெள்ளைத் துணியில் உருண்டையாக மடிமேல் கிடந்தன. எங்களைப் பார்த்ததும் அவர் மனைவி எழுந்து, டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார். அக்கா பொட்டலத்தைப் பிரித்துக் கட்டிலின் நடுவில் வைத்தார். வேலூர்க்காரர் வடையைப் பார்த்தார். அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"யாருது?" என்றார்.

"என்னுது" என்றார் அக்கா. "டெஸ்டுக்குக் குடுத்தியே, அது எங்கிட்ட கருகுச்சுப்பா. நாந்தான் சுத்தும்போது கம்பிய உரசிட்டேன்னு நெனச்சேன். உன் ஷெட்டு போர்டுல செவப்பு வுழக் கூடாதுன்னு, ராவோட ராவா வேற சுத்தி வெச்சுட்டேன்."

ஓசூர்க்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. "என்கிட்டயும் ஒண்ணு போச்சு சார். பேட்டரிய நான்தான் மாத்தி கனெக்சன் குடுத்துட்டேன் போலன்னு... உங்களுக்குக் கெட்ட பேர் வந்துடும்னு சொல்லல."

வேலூர்க்காரர் கண்ணை மூடினார். "எங்கிட்டயும் ஒண்ணு கருகிச்சு" என்றார். "மட்டமான கோர் தகடு வந்திருக்குதுன்னு நெனச்சேன். கதவ சாத்திகினு, வார்னிஷ் வாசன போறதுக்கு ஊதுவத்தி கொளுத்தி வெச்சேன்."

மூன்று பேரும் மூன்று மூலையில், ஒருவருக்காக ஒருவர், ஒரே நெருப்பை மறைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஒரு வடையை எடுத்துப் புட்டு அவர் வாயில் வைத்தேன். மென்றார். வழக்கம் வழக்கம்தானே, பீஸைத் திறவுங்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினார். திறக்க ஒன்றும் இல்லாததால் கட்டில் விரிப்பையே பார்த்துக்கொண்டு பேசினோம்.

"அக்கா, உங்கிட்ட எப்ப கருகிச்சு? அன்னிக்கி பவர் கட்டு இருந்திச்சா?"

"இருந்துச்சு. காலைல போனது மத்தியானம்தான் வந்துச்சு. வந்து கொஞ்ச நேரத்துலதான்."

"உங்களுது?"

"எனக்கும் அப்படித்தான் சார். பேட்டரி சுத்தமா எறங்கியிருந்துச்சு."

"எனுதும் அப்டித்தான்." இன்னொரு விள்ளலுக்கு வாயைத் திறந்தார். வைத்தேன். மெல்லும்போதே அவர் முகம் மாறியது. "பேட்டரி அடியோட எறங்கிட்டா, கரண்ட் வந்ததும் சார்ஜ் ஆவறதுக்கு இழு இழுன்னு இழுக்குது. உள்சுத்து கம்பி தாங்கல. அவ்ளோதான். கொஞ்சம் தடிமனான கம்பியா போட்டு சுத்தினா தாங்கிடும்."

அவ்வளவுதான். முதல் வடை இன்னும் என் கையில் பாதி இருந்தது. அதற்குள் முடிந்துவிட்டது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஓசூர்க்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலூர்க்காரர் மட்டும் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எனக்குக் கை இல்லன்னா இன்னா? அக்கா சுத்தட்டும், நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன். அடுத்த மாசம் ஷெட்டுக்கு வந்துடுவேன் மேடம். இந்த தடவ கதவ சாத்தறதே இல்ல" என்றார்.

அக்கா என் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார். ஓசூர்க்காரரும் ஜன்னலிலிருந்து திரும்பி, வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். எங்கள் மூவருக்கும் தெரிந்தது அவருக்குத் தெரியாது. பின் ஷெட்டைப் போன வாரமே காலிசெய்து பூட்டிவிட்டார்கள். பலகையைக் கழற்றிவிட்டார்கள். அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றியாகிவிட்டது. அந்தக் கையோடு இனி வேலூர்க்காரருக்கு அங்கே வேலை இல்லை என்றும் பேச்சு. இன்று வேண்டாம், உடம்பு தேறட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே எனக்குள் முடிவுசெய்திருந்தேன். ஆனால் இவ்வளவும் கேட்ட பிறகு இன்னொன்றை மூடிவைக்க எனக்கு மனசு வரவில்லை.

"ஷெட்டைப் பூட்டிட்டாங்க சார்" என்றேன். "போன வாரம்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். அக்கா, "ஏன்டி இப்ப..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

"முழுசாவா?" என்று கேட்டார்.

"முழுசா."

கொஞ்ச நேரம் வாயில் இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். விழுங்கப் பார்த்தார், முடியவில்லை. துப்புவதற்குக் கையைத் தூக்கினார். வெள்ளை உருண்டை பாதி வழியில் நின்றது. நான் என் கையை அவர் வாயருகில் நீட்டினேன். அதில் துப்பினார்.